வலை இறங்காத முப்பத்தொரு நாள்

வேம்பாரில் மனுவேலைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவன் வேம்பார்க்காரனே இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணி ஏறியவர். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணியில் சோறு பொங்கினார், பாய் இழுத்தார், பிறகு சுக்கானும் பிடித்தார். கை கொடுத்துத் தூக்கிவிட ஒரு ஆள் கிடையாது. முப்பத்தேழு வயதில் சவுதிக்குப் போனார். ஜுபைல் துறையில் அபு பைசல் என்ற அரபியின் இறால் போட்டில் சாதா ஆளாக ஏறியவர், மூன்றே வருஷத்தில் அதே போட்டுக்குத் தண்டல் ஆனார். தண்டல் என்றால் கரையை விட்டால் அவர் சொல்தான் சட்டம். அரபு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் அரபியோடு அரபியிலேயே சண்டை போட்டு ஜெயிப்பார். படித்தவன் எவனாவது அப்படிச் செய்து காட்டட்டும் பார்க்கலாம்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஊரில் மாடி வீடு கட்டினார். இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார். கோயில் திருவிழாவுக்கு மூன்று வருஷம் தன் செலவில் மைக் செட்டு வைத்தார். அதைவிடப் பெரிய காரியம், போட்டில் இருந்த ஏழு பேரையும் வேம்பாரிலிருந்தே கூட்டிப்போனார். வேறு ஊர்க்காரன் ஒருத்தனைச் சேர்த்தது கிடையாது.

அந்த வேலையில் சம்பளம் என்று ஒன்று இல்லை, பங்குதான். பிடித்த இறாலை விற்று, டீசலுக்கும் ஐசுக்கும் போக மிச்சத்தில் முதலாளிக்குப் பாதி, ஆட்களுக்குப் பாதி. கடலுக்குப் போனால் சோறு, போகாவிட்டால் இல்லை. நாலைந்து வருஷமாக அந்தப் பங்கும் தேய்ந்துகொண்டே வந்தது. இறால் விலை சரிந்தது. வெளிநாட்டு ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டவேண்டிய வரி ஏறியது. முதலாளிமார் அந்த வரியை ஆட்கள் பங்கிலேயே பிடித்துக்கொண்டார்கள். அபு பைசலிடம் இருந்த மூன்று போட்டில் இரண்டு விலைக்குப் போயின. அந்த இரண்டு போட்டிலும் இருந்த கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வேம்பார்க்காரர்கள் மட்டும் நிலைத்தார்கள். மனுவேல் இருந்ததால் நிலைத்தார்கள். அதை அவர் சொல்லாத நாள் இல்லை, சொன்னதில் பொய்யும் இல்லை.

ஜூன் மாசம் அவர் ஊருக்கு வந்தது குடலிறக்க ஆபரேஷனுக்காக. தூத்துக்குடியில் செய்துகொண்டார். மூன்று மாசம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகஸ்டு முதல் தேதி சவுதியில் இறால் சீசன் தொடங்கியபோது, தனக்கு அடுத்தவனான நேசக்குமாரிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு, வேம்பாரில் கட்டிலில் படுத்தபடி போனிலேயே போட்டை ஓட்டினார்.

சீசன் தொடங்கிய ஒன்பதாம் நாள் காலையில் நேசக்குமாரின் போன் வந்தது.

“தண்டல்...”

“சொல்லுலே. இறால் பாடு எப்படி?”

“ஆன்றோ போயிட்டான் தண்டல்.”

“எங்கன போனான்?”

நேசக்குமார் அந்தப் பக்கம் அழுதான். வலை இழுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சு வலிக்கிறது என்று ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தானாம். தண்ணீர் கேட்டானாம். தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டதாம். முப்பத்துநாலு வயது. போட்டைத் திருப்பிக் கரைக்கு வந்து ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்திருக்கிறார்கள்.

மனுவேல் தன் மனைவி அற்புதமணியைக் கூப்பிட்டுக்கொண்டு ஆன்றோவின் வீட்டுக்குப் போனார். ஆன்றோவின் மனைவி கிளாடிஸ் வாசலில் குடத்தோடு நின்றாள். அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவள் மாமனாருக்கு மனுவேல் சித்தப்பா மகன். அந்த முறையில் அவருக்கும் அவள் மருமகள்தான்.

இந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கூட வலை இழுத்தவன் செத்தால், அவன் அடக்கம் முடியும் வரைக்கும் அந்த வள்ளம் தொழிலுக்குப் போகாது. கரையில் என்ன வேலையும் செய்யலாம், வலை மட்டும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஊரில் என்றால் அது ஒரு நாள் கதை; காலையில் சாவு, சாயங்காலம் அடக்கம், மறுநாள் கடல். அடக்கம் தள்ளிப்போனால் அதற்கும் ஒரு வழி உண்டு. செத்தவன் வீட்டுக்காரி தன் வாயால் “நீங்க தொழிலுக்குப் போங்க” என்று சொல்லவேண்டும். அவளாகச் சொல்ல வேண்டும். மற்ற ஆட்கள் அவளிடம் போய்க் கேட்பது கேவலம். கேட்கலாம் என்றால் தண்டல் ஒருவர் கேட்கலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் கோயில் வெளியில் நின்றது. மேற்கேயிருந்து வீசிய கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. நேசக்குமார் போனில் வந்தான். எல்லாரும் கேட்கட்டும் என்று மனுவேல் ஸ்பீக்கரில் போட்டார்.

“தண்டல், முதலாளி நாளைக்குப் போட்டு எடுக்கச் சொல்லுதாரு. என்ன செய்யட்டும்?”

“எடுக்காத. ஆன்றோவை இங்கன கொண்டாந்து அடக்கம் பண்ணுத வரைக்கும் ஒரு பயலும் வலை இறக்கக் கூடாது. முதலாளிகிட்ட நான் பேசுதேன். இருபத்திரண்டு வருசம் அவனுக்கு ஒழைச்சிருக்கேன்லே. என் பேச்சைத் தட்டமாட்டான்.”

கூட்டத்தில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தண்டல்னா இவருல்லா தண்டல்” என்றார். மனுவேல் அதைக் கேட்காதது போல நின்றார். ஆனால் நெஞ்சு ஒரு சாண் விரிந்தது.

அபு பைசலிடம் பேசவும் செய்தார். அரபி நல்ல மனுஷன்தான், ஒரு வாரம் கொடுத்தார். ஒரு வாரத்தில் உடல் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் போலீஸ் காகிதம் வந்தால் ஆஸ்பத்திரிக் காகிதம் இல்லை. அது வந்தால் தூதரகத்தில் ஒரு காகிதம் பாக்கி. கிளாடிஸ் கையெழுத்துப் போட்டு அனுப்பியது போதாது என்று இன்னொன்று கேட்டார்கள். அவள் இரண்டு தடவை தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போய் வந்தாள்.

அங்கே ஆறு பேரும் தகரக் கூரை போட்ட ஒரே அறையில் கிடந்தார்கள். நேசக்குமார் மலையாளிகளின் கிழிந்த வலைகளைப் பொத்துக் கொடுத்து அரிசி வாங்கினான். ரெக்சன் மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்தான். இரண்டு பேர் கார் கழுவப் போனார்கள். மற்ற போட்டுகள் தள்ளிவிடும் பொடி மீனைப் பொறுக்கிக் குழம்பு வைத்தார்கள். சுற்றிலும் எல்லாப் போட்டும் இறாலோடு கரைக்கு வந்தன. வருஷத்துக்கே சோறு போடுகிற மாசம் ஆகஸ்டு. அந்த மாசத்தில் அவர்கள் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தனும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்திருந்தாலும் அது வேம்பார் வரைக்கும் வரவில்லை.

ஆன்றோ செத்த பத்தாம் நாள் மத்தியானம் கிளாடிஸ் மனுவேலின் வீட்டுக்கு வந்தாள். துக்க வீட்டுப் பெண் படியேறி வருவது வழக்கமில்லை. அற்புதமணி பதறிப்போய், “ஏளா, நீ எதுக்கு வந்த? சொல்லி அனுப்பினா நாங்க வந்திருப்போமே” என்றாள்.

“மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருதேன் அத்தை.”

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, அவங்களைத் தொழிலுக்குப் போகச் சொல்லுங்க.”

மனுவேல் கட்டிலிலிருந்து எழுந்தார். “யாரு உன்ன அப்படிச் சொல்லச் சொன்னா?”

“யாரும் சொல்லல. ரெக்சன் பொஞ்சாதி நித்தம் வாரா. எம்பக்கத்துல உக்காருதா, அழுதா. ஆனா அவ கண்ணு கதவுலயே இருக்கு, போன் வந்திராதான்னு. அவளும் என்னை மாதிரித்தான் மாமா, எந்நேரமும் பயந்துட்டே இருக்கா. எனக்கு நடந்தது நடந்து போச்சு. மத்த ஆறு வீடாவது இருக்கட்டும். அவரு இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு.”

“பெட்டி ரெண்டு நாள்ல வந்திரும் பிள்ள.”

“வரட்டும். வந்தா அடக்குவோம். அவங்க போகட்டும். எம்பேரச் சொல்லிச் சொல்லுங்க, கிளாடிஸ்தான் சொன்னான்னு.”

மனுவேல் கட்டிலில் திரும்ப உட்கார்ந்தார். பிறகு, “சரி, சொல்லுதேன். நீ வீட்டுக்குப் போ” என்றார்.

சொல்லத்தான் நினைத்தார். அதில் சந்தேகம் வேண்டாம். போனைக் கையில் எடுக்கக்கூட எடுத்தார். ஆனால் கோயில் வெளியில் அத்தனை பேர் காதில் விழப் பேசிய பேச்சு நடுவில் வந்து நின்றது. பத்தாம் நாளே போகச் சொன்னால், அரபிக்குப் பயந்து பின்வாங்கிவிட்டான் என்று ஊர் பேசாதா? பொம்பளை வந்து சொன்னாள் என்றால் அது இன்னும் கேவலம். அபு பைசல் தன்னை விட்டுவிட்டு எங்கே போய்விடுவான்? இந்தக் கடலடி தெரிந்த ஆளுக்கு அவன் எங்கே போவான்? இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சண்டையிலாவது மனுவேல் தோற்றதுண்டா? இன்னும் நாலு நாள் பொறுத்தால் அரபியே இறங்கி வருவான். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பதினாலாம் நாள் நேசக்குமார் கூப்பிட்டான்.

“தண்டல், முதலாளி வந்துட்டுப் போனாரு. நாளைக்குக் காலையில போட்டு போகணும், இல்லன்னா எல்லாருக்கும் எக்சிட் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவேன்னு சொல்லிட்டாரு. பங்களாதேஷ் ஆளுவள வேற கையோட கூட்டிட்டு வந்து போட்டக் காட்டுதாரு.”

“மெரட்டுதான்லே. நீ அசையாத.”

“மெரட்டு மாதிரித் தெரியல. கிளாடிஸ் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்க அவகிட்ட கேட்டுப் பாக்க முடியுமா? நாங்க கேக்கக் கூடாது, நீங்க கேக்கலாம்லா.”

அந்த நிமிஷத்தில்கூட ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை. “அவள் சொல்லிவிட்டாள், போங்கள்” என்று சொன்னால் போதும், தீர்ந்தது. ஆனால் நாலு நாளாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில்? மனுவேலுக்கு வாயில் வந்தது வேறு.

“புருசனப் பறிகொடுத்துட்டு நிக்கா. அவகிட்டப் போயி இதக் கேக்கச் சொல்லுதியே, ஒனக்கு வெக்கமா இல்ல? நான் கேக்க மாட்டேன்.”

“சரி தண்டல்” என்றான் நேசக்குமார். போனை வைத்துவிட்டான்.

மறுநாள் போட் கடலுக்குப் போனது, வேறு ஆட்களோடு. அன்று மத்தியானம் அபு பைசலுக்கு மனுவேல் பதினோரு தடவை போன் போட்டார். பன்னிரண்டாவது தடவை அரபி எடுத்தார். தனக்கு வேறு வழியில்லை, சீசன் போய்விட்டால் இருக்கிற ஒரு போட்டையும் விற்கவேண்டும் என்றார். மனுவேல் அரபியில் கத்தினார். அரபி கத்தவில்லை. அப்போதுதான் மனுவேலுக்குப் பயம் வந்தது.

ஆறு பேருக்கும் எக்சிட் அடித்துக் காகிதம் முடியவும், ஆன்றோவின் காகிதங்கள் முடியவும் சரியாக இருந்தது. ஒரே விமானத்தில் வந்தார்கள். ஆன்றோ அடியில் பெட்டியில், மற்றவர்கள் மேலே இருக்கையில். திருவனந்தபுரத்திலிருந்து ஆம்புலன்ஸ் முன்னால் வர, வேனில் பின்னால் வந்தார்கள். வேம்பார் வளைவில் சனம் காத்து நின்றது. துக்க மணி அடித்தது. அன்று ஊரில் ஒரு வள்ளமும் இறங்கவில்லை. ஆறு பேரும் வேனிலிருந்து இறங்கி, பையைக்கூட வீட்டில் வைக்காமல், பெட்டியைத் தோளில் வாங்கினார்கள். கல்லறைத் தோட்டம் வரைக்கும் தோள் மாற்றிக்கொள்ளாமல் சுமந்தார்கள். பார்த்த சனம் ஆன்றோவுக்காக அழுததா இந்த ஆறு பேருக்காக அழுததா என்று சொல்ல முடியாது. ஆன்றோ செத்து முப்பத்தொன்றாம் நாள் அது.

மனுவேல் முன்னால் நடந்தார். வழி நெடுக ஆண்கள் அவர் கையைப் பிடித்தார்கள். கட்டுப்பாடான ஆட்கள், கட்டுப்பாடான தண்டல் என்றார்கள்.

அடக்கம் முடிந்த ஏழாம் நாள் பூசை. கிளாடிஸ் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு வந்தவர்களுக்குக் காப்பியும் பன்னும் கொடுத்தார்கள். சனம் கலைந்த பிறகு ஆறு பேரும் மனுவேலும் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கிளாடிஸ் வெள்ளைச் சேலையில் வெளியே வந்தாள். எல்லாரும் எழுந்தார்கள்.

“உக்காருங்க. எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லணும்னு இருந்தேன்.” பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள். “நான் பத்தாம் நாளே மாமாகிட்ட சொல்லி அனுப்பினேன், தொழிலுக்குப் போங்கன்னு. அப்படியும் நீங்க போகல. வேலை போனாலும் பரவாயில்லன்னு அவருக்காக உக்காந்திருந்தியளே. அவரு மேல இம்புட்டுப் பிரியம் வச்சிருந்தியன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. எம்பிள்ளைக்குச் சொல்லி வளப்பேன்.”

ரெக்சன் காப்பிக் கப்பை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான். நேசக்குமார் மனுவேலை ஒரு தடவை பார்த்தான், ஒரே ஒரு தடவை. பிறகு அவளிடம் திரும்பினான்.

“அதெப்படித் தாயி போவோம்? ஆன்றோ எங்களுக்குக் கூடப் பொறந்தவன் மாதிரில்லா.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

ரெக்சன் கப்பைக் கீழே வைத்தான். மெதுவாகக் கேட்டான்.

“பதினாலாம் நாளு நேசண்ணன் ஒங்ககிட்ட போன்ல கேட்டாவ. நான் பக்கத்துல நின்னேன். கிளாடிஸ்கிட்ட கேக்க முடியுமான்னு கேட்டாவ. நீங்க என்ன சொன்னிய?”

மனுவேல் தரையைப் பார்த்தார்.

“சொல்லுங்க தண்டல். நாங்க ஆறு பேரும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னோம். நீங்க வாயால ஒருக்கச் சொல்லுங்க.”

“கேக்க மாட்டேன்னு சொன்னேன்.”

“அவ அதுக்கு முன்னாலயே சொல்லிட்டா.”

“ஆமா.”

“நான் விசாவுக்கு எம்பொஞ்சாதி தாலிச் சங்கிலிய அடகு வச்சிட்டுப் போனேன். இப்பம் அவ கழுத்துல மஞ்சக் கயிறு கிடக்கு. பூசையில பாத்தியளா? அது இந்த ஜென்மத்துல திரும்பாது.”

“ஏலே, நான் நெனச்சது வேற...”

“நீங்க நெனச்சது எங்களுக்குத் தெரியும்” என்றான் ரெக்சன். அதில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் மனுவேல் தாங்கியிருப்பார். அவர் பார்க்காத கோபமா?

அவர் எழுந்தார். “நான் ஊர்க் கூட்டத்துல சொல்லிருதேன். எந்தப் பேச்சும் நான் கேட்டுக்கிடுதேன்.”

நேசக்குமார் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான். இருபது வருஷத்தில் அவன் அவரைத் தொட்டு அமர்த்தியது அன்றுதான்.

“ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. நாங்க ஆன்றோவுக்காக உக்காந்திருந்தோம்னு அந்தப் பிள்ள நெனச்சிக்கிட்டிருக்கா. அவளுக்கு மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான். அதயும் பிடுங்கிராதீங்க. நாங்க வாயத் தொறக்க மாட்டோம். நீங்களும் தொறக்காதீங்க.”

அப்படியே முடிந்தது. ஆறு பேரும் சொன்ன சொல்லைக் காத்தார்கள். நேசக்குமார் உப்பளத்தில் வரப்புக் கட்டப் போனான். இரண்டு பேர் கொல்லத்துப் போட்டுக்குப் போனார்கள். ஒருத்தன் கருப்பட்டிக் கிடங்கில் மூட்டை தூக்கினான். இன்னொருத்தன் வீட்டிலேயே கிடந்தான். ரெக்சன் தினம் முதல் பஸ்ஸில் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றினான். ஐந்து நாள் வேலை இருந்தால் இரண்டு நாள் இருக்காது. வேலை இல்லாத நாளிலும் போய் நின்றுவிட்டு வந்தான்.

மனுவேல் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு ஆளிடம் கெஞ்சினார். ஆறு பேரையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அபு பைசலிடம் கேட்டார். அரபி கேட்டுவிட்டு, “ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இறால் கிடக்கிற இடம் தெரியவில்லை. நீ மட்டும் வா, சுக்கான் உனக்குத்தான்” என்றார்.

“போங்களேன்” என்றாள் அற்புதமணி. “இங்கன இருந்து என்ன செய்யப் போறிய?”

“அவனுவ முகத்துல முழிச்சிட்டு விமானம் ஏறச் சொல்லுதியா?”

அவர் போகவில்லை. திரும்பிப் போகக் கொடுத்திருந்த விசா செப்டம்பர் கடைசியோடு செத்துப்போனது.

அதற்குப் பிறகு ஒரு நாள் காலையில் அவர் பஸ் நிறுத்தத்தில் செல்வதுரை அண்ணாச்சியின் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். ரெக்சன் தூக்குவாளியோடு வந்து, அவரைத் தாண்டிப் போய் ஓரத்தில் நின்றான். கடையில் வெளியூர் லாரிக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். செல்வதுரைக்கு அவர்களிடம் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது.

“இவரு யாருன்னு தெரியுமா? எங்க ஊரு தண்டல். ஒரு சொல்லு சொன்னாரு, சவுதியில ஆறு பேரு வேலையத் தூக்கிப் போட்டுட்டு உக்காந்துட்டானுவ. அந்தா நிக்கான் பாருங்க, அவனும் ஒருத்தன். கூட்டாளிக்காக! நீங்க எங்கனயாவது பாத்திருக்கியளா?”

லாரிக்காரர்கள் மனுவேலை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் எழுந்து கும்பிடக்கூடச் செய்தார்.

“அப்படித்தான தண்டல்?” என்றார் செல்வதுரை.

மனுவேல் ரெக்சனைப் பார்த்தார். ரெக்சன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, டீயக் குடுங்க. பஸ்சு வந்திரும்” என்றான்.

குடித்து முடிப்பதற்குள் பஸ் வந்தது. பாதி டீயை வைத்துவிட்டு ஓடிப் போய் ஏறிக்கொண்டான். செல்வதுரை பதிலுக்காக இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா” என்றார் மனுவேல்.